போர்வோவில் எடுத்த படம்

1

அந்தப் படத்தில் நான் சிரிக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இரண்டு வெள்ளிக்கிழமைகளாக, இங்கே லண்டனில் ஆர்ச்வே முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், செருப்பு மாட்டுகிற இடத்தில் யாராவது என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

"பின்லாந்து போனனீங்களாம். படம் பாத்தனாங்கள். என்ன வடிவான இடம்! நல்லா இளைப்பாறி வந்திருக்கிறியள், முகத்திலயே தெரியுது."

முகத்தில் தெரிகிறதாம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினால் பல் வெளியே தெரியும். அவர்கள் கண்ட சிரிப்பு அதுதான். பின்னால் ஆற்றங்கரையில் வரிசையாகச் சிவப்பு மரவீடுகள், என் கையில் உருகி வழிகிற ஐஸ்கிரீம், தோளில் கடதாசிகள் நிறைந்த பை. எடுத்தது என் மகள் அபி. எடுத்த கையோடு எல்லோரும் பார்க்கப் போட்டும்விட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஊரில் இருக்கிற நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். "உங்களுக்கென்ன மச்சாள், ஒரு நாடு அலுத்தா இன்னொரு நாடு" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அவளுக்கு அன்று பதில் எழுதக் கை வரவில்லை. இதுதான் பதில். ஃபாரஸ்ட் கேட்டில் என் சமையலறை மேசையில் இருந்து, ஷிப்டுக்குப் போக இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கும்போது எழுதுகிறேன். நான் ஊர் சுற்றப் போகவில்லை. என் தம்பியை என் தம்பி என்று ஒரு கடதாசியில் எழுதுவிக்கப் போனேன்.

2

ரூபன் எனக்கு ஆறு வயது இளையவன். பின்லாந்துக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. ஹெல்சிங்கியிலிருந்து பேருந்தில் ஒரு மணித்தியாலம், கடலும் ஆறும் சேருகிற இடத்தில் போர்வோ என்று ஒரு பழைய நகரம். அங்கே ஓர் உணவகச் சமையலறையில் வேலை. கலியாணம் செய்யவில்லை. கேட்டால், "இந்தக் குளிருக்க ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து ஏன் பாவம் தேடுவான், அக்கா" என்று சிரிப்பான். இரண்டு முறை லண்டனுக்கு வந்து போயிருக்கிறான். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை தொலைபேசிதான்.

மாசி மாதத்தில் அந்த ஞாயிறு அழைப்பு நின்றுபோனது. நான் எடுத்தால் மணி போகவேயில்லை. வேலை மும்முரமாக்கும் என்று முதல் வாரம் நினைத்தேன். இரண்டாவது வாரம் கோபம் வந்தது. மூன்றாவது வாரம் சோறு இறங்கவில்லை. ஏழாவது வாரம், தெரியாத இலக்கத்திலிருந்து ஒருவர் உடைந்த ஆங்கிலத்தில், "குமாருக்கு வருத்தம். தலை. ஆஸ்பத்திரி" என்றார். எனக்குக் குமார் என்று யாரையும் தெரியாது, பிழையான இலக்கம் என்று வைக்கப் போனேன். பிறகுதான் மண்டையில் ஏறியது. ரூபனுடைய பின்லாந்துக் கடதாசிகளில் பெயர் குமார். அழைத்தவர் அவனோடு பாத்திரம் கழுவுகிற ஒரு வியட்நாம்காரர். வேலையிடத்து அலுமாரியில் கிடந்த கொப்பியில் "லண்டன்" என்று எழுதியிருந்த இலக்கத்தைப் பார்த்து எடுத்திருக்கிறார். அந்த மனிதனுக்குக் கோடி புண்ணியம்.

அடுத்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். நல்ல மரியாதையாகத்தான் கதைத்தார்கள்.

"நீங்கள் அவருக்கு என்ன உறவு?"

"அக்கா."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. "மன்னிக்கவும், எங்கள் பதிவின்படி அவருக்கு உறவினர் எவரும் இல்லை."

உயிரோடு இருக்கிறானா என்றாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அதையும் உறவினருக்குத்தான் சொல்லலாம் என்றார்கள். நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பதினைந்து வருடமாக வேலை செய்கிறேன். தொலைபேசியில் அழுகிறவர்களுக்கு இதே வசனத்தை, இதே மரியாதையோடு எத்தனை முறை சொல்லியிருப்பேன். அன்று தொலைபேசியை வைத்துவிட்டு, அந்த இல்லத்திலேயே பொருட்கள் அடுக்கிவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குளறி அழுதேன்.

அபி மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக எழுதியதில், கடைசியில் கிர்ஸி என்ற சமூகசேவை அலுவலர் ஒருத்தி எங்களுக்கு அகப்பட்டாள். நல்ல பெண். சொல்லக்கூடாததைச் சொல்லாமல், சொல்லக்கூடியதை எல்லாம் சொன்னாள். மூளையில் இரத்தக்கசிவு. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஞாபகம் முன்னும் பின்னுமாக ஓடுகிறது. போர்வோவிலேயே ஒரு பராமரிப்பு விடுதியில் இப்போது வைத்திருக்கிறார்கள். இனி வடக்கே, ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய ஒரு ஊரில் இடம் காலியாகிறது. அவனுடைய காரியங்களைப் பார்க்க அரசாங்கம் ஒருவரை நியமிக்கும். உறவு என்று யாராவது இருந்தால் அவர்களையும் கேட்பார்கள், ஒன்று நடந்தால் அறிவிப்பார்கள்.

"ஒன்று நடந்தால் இப்ப ஆருக்கு அறிவிப்பியள்?" என்று அபியைக் கேட்கச் சொன்னேன்.

படிவத்தில் நெருங்கிய உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அது வெறுமையாக இருக்கிறதாம்.

அந்தக் கட்டந்தான் எனக்கு வேண்டும். வேறொன்றும் வேண்டாம். அதில் என் பெயர் இல்லையென்றால், அவன் போனபிறகு எத்தனையாவது வாரத்தில் எந்தப் புண்ணியவான் எனக்குச் சொல்லப்போகிறான்? குமார் என்று பெயர் எழுதி, ஒருவரும் இல்லாதவன் என்று ஒரு பெட்டியில் வைத்துப் புதைத்துவிடுவார்கள். வாய்க்கரிசி போட ஒரு கை இராது.

ஈஸ்ட்ஹாமில் எங்கள் ஆள் ஒருவர், சட்டத்தரணி, கடதாசிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அக்கா, நீங்கள் சகோதரம் எண்டு நிரூபிக்கலாம். ஆனா அவர் பொய் சொன்னவர் எண்டதையும் சேர்த்துத்தான் நிரூபிப்பியள். உங்கட ஃபைலும் கிளம்பும்." இரத்தப் பரிசோதனைக்கு ரூபன் ஒப்புக்கொள்ள வேண்டும், அவனுக்கு ஒப்புக்கொள்ளும் தெளிவு இல்லை என்று டாக்டர் எழுதியிருக்கிறார், ஆகவே நீதிமன்றம், ஆகவே மாதக்கணக்கு. அதற்குள் அவனை வடக்கே ஏற்றிவிடுவார்கள்.

கிர்ஸிதான் ஒரு வழி சொன்னாள். "நேரில் வாருங்கள். அவரிடமே கேட்போம். இவர் என் சகோதரி என்று அவர் வாயால் சொன்னால் போதும், நான் எழுதிவிடுகிறேன்." அவனுக்குத் தெரிந்த பின்னிஷ் போதும், சாதாரணமாகக் கதைப்பதுபோலக் கேட்கலாம் என்றும் எழுதியிருந்தாள்.

நான் விட்டேனா? அலுவலகக் காரியம் என்றால் ஒழுங்காக நடக்கவேண்டும், முறையான தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும், எல்லாம் பதிவாக வேண்டும் என்று அபியைக் கொண்டு கறாராக எழுதுவித்தேன். என்னுடைய அகதி விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் விட்ட ஒரு பிழையால் நான் நான்கு வருடம் இழுபட்டவள். எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். கிர்ஸி உடனே சம்மதித்தாள். தொலைபேசியில் ஒருவரை ஒழுங்கு செய்வதாக எழுதினாள். நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

3

போர்வோவுக்கு இரண்டு பெயர். பேருந்தின் நெற்றியில் ஒருமுறை பின்னிஷ் பெயரும் மறுமுறை சுவீடிஷ் பெயருமாக மாறி மாறி ஓட, இது வேறெங்கோ போகிற பேருந்து, நான் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர்கள் பொறுமையாக நின்றார்கள். அபிக்கு மானம் போனது.

சந்திப்பு மூன்று மணிக்கு. நாங்கள் பத்து மணிக்கே போய் இறங்கிவிட்டோம். எனக்கு அலுவலகம் என்றால் அப்படித்தான். விடுதி வாசலில் போய்க் குந்தியிருப்போம் என்றேன்.

"அஞ்சு மணித்தியாலமா? அம்மா, ப்ளீஸ். இது எவ்வளவு பியூட்டிஃபுல் டவுன். வாங்கோ நடப்பம்."

நடந்தோம். உருளைக் கற்கள் பதித்த மேடும் பள்ளமுமான தெருக்கள். மஞ்சளும் வெளிர்நீலமும் ரோசாவுமாகப் பூசிய மரவீடுகள், சன்னல்தோறும் பூச்சட்டி. ஒரு கடையில் சொக்கலேட், அடுத்ததில் மெழுகுதிரி, அதற்கடுத்ததில் லினன் துணி. ஆறு மாதம் வெயிலையே காணாத சனங்கள் ஆற்றங்கரைப் புல்லில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிடந்தார்கள். வடிவான ஊர்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த வெயிலும் இந்தப் பூவும் இப்படியே நடந்துகொண்டிருக்க, ஒரு மைல் தள்ளி என் தம்பி ஒரு கட்டிலில் கிடக்கிறான்.

ஆற்றங்கரையில் அந்தச் சிவப்பு வீடுகள் முன்னால் ஒரு வழிகாட்டி ஒரு கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவை வீடுகள் அல்லவாம், கப்பல் சாமான் வைத்த பழைய கிட்டங்கிகள். யாரோ ஒரு ராசா வருகிறார் என்று ஊரார் அவசரத்தில் சிவப்புப் பூசினார்களாம், பிறகு அதுவே நிலைத்துவிட்டதாம். எல்லோரும் சிரித்தார்கள். அபி ஐஸ்கிரீமை என் கையில் திணித்துப் படம் எடுத்தாள். அந்தப் படந்தான் நீங்கள் பார்த்தது.

"ரூபன் மாமா வேலை செய்த இடம் கிட்டத்தானாம். பாப்பமா?" என்றாள். போனில் முகவரி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரூபன் சொல்லுவான்: "அக்கா, இப்ப பிரேக். ஆத்தங்கரையில இருந்து தேத்தண்ணி குடிக்கிறன். தோணியள் போகுது." அதைக் கேட்கும்போது என் மனம் ஆறும். பரவாயில்லை, பிள்ளை நல்ல காற்றில் இருக்கிறான் என்று நினைப்பேன். உணவகம் இன்னும் திறக்கவில்லை. பக்கத்து ஒழுங்கையால் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். சமையலறைக் கதவு. கதவுக்கு வெளியே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை. கதிரைக்கு முன்னால் ஆளுயரத்துக்கு நான்கு குப்பைத்தொட்டிகள், அதற்குப் பின்னால் மதில். நான் அந்தக் கதிரையில் இருந்து பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆறு தெரியவில்லை.

எழும்ப முடியவில்லை. அந்தக் குப்பைத்தொட்டிகளுக்கு முன்னால் இருந்துகொண்டுதான் அபிக்குச் சொன்னேன்.

4

அதுவரை அபி என்ன நினைத்திருந்தாள் என்றால், பின்லாந்துக்காரர் மாமாவின் ஃபைலைக் குழப்பிவிட்டார்கள் என்று. அப்படித்தான் கிர்ஸிக்கும் காரசாரமாக எழுதிக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை. எந்த வாயால் திருத்துவது?

"அது அவையின்ர பிழை இல்லை, அபி. மாமாதான் சொன்னவர், அக்கா செத்துப் போனா எண்டு. நான்தான் சொல்லிக் குடுத்தனான்."

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறை. நான் இருபத்தைந்து, அவன் பத்தொன்பது. அம்மாவும் அப்பாவும் ஏற்கெனவே போய்விட்டார்கள், அந்தப் பகுதி பொய்யில்லை. எனக்கு லண்டன் பயணம், அவனுக்கு மொஸ்கோ வழியாக எங்கே விழுகிறதோ அங்கே. ஏஜென்சிக்காரன் இருவரையும் வைத்துச் சொன்னான்: "வேற நாட்டில சகோதரம் இருக்கு எண்டு தெரிஞ்சா, அங்க போ எண்டு தள்ளிவிடுவாங்கள். ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லுங்கோ. எல்லாரும் செத்துப் போச்சினம் எண்டா கேஸ் பலம்." லண்டனில் என் விசாரணையில் நானும் தம்பி செத்துவிட்டான் என்றேன். எனக்கு அது லேசாக வந்தது. நான் கல்நெஞ்சக்காரி.

அவனுக்குத்தான் வரவில்லை. ஒன்பது நாள் அந்த அறையில் வைத்துப் பாடமாக்குவித்தேன். நான் வெள்ளைக்காரன் மாதிரிக் கதிரையில் இருப்பேன், அவன் முன்னால் நிற்பான். பெயர்? குமார். அப்பா? ஷெல்லில் செத்தவர். அம்மா? செத்துப் போனா. சகோதரம்? அந்த இடத்தில் வந்ததும் சிரித்துவிடுவான். "நீ முன்னால இருக்கிறாய், நான் எப்பிடியக்கா சொல்லுறது?" ஏழாம் நாளோ எட்டாம் நாளோ எனக்குப் பயம் தலைக்கேறி, கன்னத்தில் ஒன்று விட்டேன். வாழ்க்கையில் அவனுக்கு நான் கை நீட்டியது அந்த ஒருமுறைதான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, சிரிக்காமல், "அக்கா செத்துப் போனா" என்றான். "இப்ப சரி" என்றேன்.

பிறகு இருவருக்கும் விசா கிடைத்து, குடியுரிமையும் கிடைத்தபிறகு திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அபியும் அதைத்தான் கேட்டாள். திருத்தப் போனால் பாஸ்போர்ட்டைப் பறித்துவிடுவார்கள் என்று ஒரு பயம். அடுத்த வருடம் பார்ப்போம், அடுத்த வருடம் பார்ப்போம் என்று போயே போய்விட்டது. பொய் எங்களுக்குள் அப்படியே ஊறிவிட்டது. அவன் லண்டனுக்கு வந்தபோதுகூட விமானநிலையத்தில் சிநேகிதியைப் பார்க்க வருகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தான்.

"சோ, நீங்கதான் அவரை அப்பிடிச் சொல்லச் சொன்னீங்க," என்றாள் அபி. "அவர் தேர்ட்டி இயர்ஸ் இங்க தனிய..." மேற்கொண்டு தமிழ் வரவில்லை. ஆங்கிலத்தில் படபடவென்று பொரிந்தாள். யாருமில்லை என்று ஒரு மனிதனைச் சொல்ல வைத்தால் அவன் யாருமில்லாதவன் மாதிரித்தானே வாழுவான், அது உங்களுக்கு விளங்கவில்லையா என்று கேட்டாள். விளங்கியது. அவள் ஆங்கிலத்தில் சொன்னதால் இன்னும் நன்றாக விளங்கியது.

"நீ உயிரோட இருந்து இதைக் கேக்கிறதுக்கு அந்தப் பொய்தான் காரணம்" என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது.

அவள் விறுவிறுவென்று மேட்டில் ஏறிப் போய்விட்டாள். மேட்டின் உச்சியில் ஒரு பெரிய பழைய தேவாலயம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நானும் ஏறினேன். வாசல் படியில் மூக்குச் சிவக்க இருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன். கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. கூரைகள், ஆறு, அதற்கப்பால் கடல் பக்கமாகப் போகிற வெளிச்சம். கொஞ்ச நேரம் கழித்து அபி என் கைப்பையைத் திறந்து, படிவங்களை எடுத்து, கிர்ஸி கேட்ட ஒழுங்கில் அடுக்கித் தந்தாள். நான் உள்ளே போய், எந்தச் சாமி என்று பார்க்காமல், முருகா, அவன் வாயைத் திறக்கப் பண்ணு என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

5

இரண்டரை மணிக்குப் பார்வையாளர் என்று உள்ளே விட்டார்கள். தாதி நடந்துகொண்டே அபியிடம் சொன்னாள்: அமைதியான மனிதர், தொந்தரவு இல்லை, காலையில் மட்டும் முடிவு வந்துவிட்டதா, கடிதம் வந்துவிட்டதா என்று கேட்பார். என்ன கடிதம் என்று தங்களுக்கு விளங்கவில்லை என்றாள். எனக்குக் கேட்டது. நான் அதை யோசிக்கவில்லை. என் கண் கதவில் இருந்தது.

பாதி ஆளாகியிருந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "அக்கா. எப்ப வந்தனீ?" என்றான்.

ஐயோ, எனக்கு வந்த சந்தோசத்தை எப்படி எழுதுவேன்! கட்டிலில் இருந்து அவன் தலையை மடியில் எடுத்தேன். "சாப்பிட்டனியோ?" என்று கேட்டான், ஏதோ நான் பக்கத்துத் தெருவிலிருந்து வந்த மாதிரி. அபியைக் காட்டி, "இது ஆர்?" என்றான். "என்ர மகள், அபி. உனக்குத் தெரியுமே." "ஓம், ஓம். வளந்திட்டாள்." அபி சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். இனி என்ன, காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அவன் வாயில் அக்கா என்று வந்துவிட்டது. இன்னும் அரை மணித்தியாலம், ஒரு கையெழுத்து.

மூன்று மணிக்குக் கிர்ஸி வந்தாள். கையில் ஒரு நீலக் கோப்பு. கதிரையை இழுத்துப் போட்டு அவனுக்கு முன்னால் இருந்தாள். தொலைபேசியை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டினாள். நான் கேட்டு வாங்கிய மொழிபெயர்ப்பாளர் கதைத்தார். தமிழ்நாட்டுக்காரர்.

"வணக்கம் சார். நான் மொழிபெயர்ப்பாளர் பேசறேன். இவங்க கேக்கறதை அப்படியே உங்களுக்குச் சொல்வேன். நீங்க சொல்றதை அப்படியே இவங்களுக்குச் சொல்வேன். இங்கே பேசறது எதுவும் வெளியே போகாது. புரியுதுங்களா?"

ரூபன் நிமிர்ந்தான். நிமிர ஏலாத உடம்பு நிமிர்ந்தது. கண் கோப்பில் போய் நின்றது. முகத்தில் சற்றுமுன் இருந்த என் தம்பி எங்கேயோ போய்விட்டான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு மேசை, ஒரு கோப்பு, ஒரு வெள்ளைக்காரி, அந்தக் குரல். நான் அவனைத் திரும்பவும் கொண்டுபோய் விசாரணையில் இருத்திவிட்டேன்.

"நிப்பாட்டுங்கோ" என்றேன். தமிழில் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதைப் பின்னிஷில் சொல்வதற்குள் கிர்ஸியின் கேள்வி தமிழில் வந்துவிட்டது.

"இங்கே பக்கத்துல இருக்கற அம்மா யாருன்னு சொல்ல முடியுமா சார்?"

"தெரியாது."

"உங்களுக்கு அக்கா, தங்கச்சி யாராவது இருக்காங்களா?"

"ஒரு அக்கா. செத்துப் போனா." ஒரு திக்கல் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. வாய் இழுத்திருந்தும் ஒவ்வொரு சொல்லும் மணி மாதிரி விழுந்தது. "எல்லாரும் செத்துப் போச்சினம். எனக்கு ஒருத்தரும் இல்லை."

அபி பாய்ந்தாள். "இப்பதான் அவர் அக்கா எண்டு கூப்பிட்டவர்! நான் கேட்டனான்!" என்று ஆங்கிலத்தில் கத்தினாள். கிர்ஸியின் கண்ணும் கலங்கியிருந்தது. "நான் உன்னை நம்புகிறேன். ஆனால் நான் நம்புவதை என்னால் எழுத முடியாது. அவர் சொன்னதைத்தான் எழுதலாம்" என்றாள். தொலைபேசியை அணைத்துவிட்டு வெளியே போனாள். அபி அவளைத் துரத்திக்கொண்டு போனாள்.

அறையில் நாங்கள் இருவரும் மட்டும். ரூபன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். காலடிச் சத்தம் தூரப் போனதும், போர்வைக்குள்ளிருந்து வலது கையால் என் கையைத் தேடிப் பிடித்தான்.

"அக்கா," என்றான், மெல்லமாக. "பிழை விடேல்லைத்தானே?"

அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பினேன். "ரூபன், இஞ்ச பார். இனிப் பயமில்லையடா. எல்லாம் முடிஞ்சுது. உனக்குப் பாஸ்போர்ட் இருக்கு, ஒருத்தரும் திருப்பி அனுப்ப ஏலாது. அந்தப் பிள்ளை திரும்பி வருவா. என்னை அக்கா எண்டு சொல்லு. ஒருக்காச் சொல்லு, ராசா."

என்னைப் பார்த்து ஒரு பக்க வாயால் சிரித்தான். என் தந்திரத்தைப் பிடித்துவிட்ட சிரிப்பு.

"நீதானே சொன்னனீ. கடைசியா ஒரு ஆள் நல்ல மாதிரிக் கதைச்சு, பயமில்லை, உண்மையைச் சொல்லு எண்டு கேக்கும். அப்பத்தான் கவனமா இருக்கவேணும் எண்டு."

நான் சொன்னேனா? சொல்லியிருப்பேன். ஒன்பது நாளில் எவ்வளவோ சொன்னேன். எனக்கு மறந்துபோனது. அவன் வைத்திருக்கிறான்.

கதவு திறந்தது. அபி கிர்ஸியைக் கையைப் பிடித்தே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தொலைபேசி இல்லை, கோப்பு இல்லை. கட்டிலடியில் நின்று, சிரித்துக்கொண்டு, இன்னொருமுறை கேட்கிறேன் என்று தலையாட்டினாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், ரூபன் முகட்டைப் பார்த்துக்கொண்டு, தெளிவான பின்னிஷில் ஏதோ சொன்னான். கிர்ஸி தலையைக் குனிந்தாள். எனக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

போர்வைக்குக் கீழே அவன் என் கையை விடவில்லை. விரல்கள் வலிக்க இறுக்கிப் பிடித்திருந்தான். கிர்ஸி நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. போர்வையை இழுத்துக் காட்டலாம், இதோ பார் என்று சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. மற்றக் கை போர்வையின் கரை வரை போனது. ரூபன் அதைக் கண்டுவிட்டான். அந்தப் பத்தொன்பது வயதுப் பயம் அவன் கண்ணில் வந்தது.

நான் போர்வையை நன்றாக இழுத்து மூடிவிட்டேன். "இவரை எனக்குத் தெரியாது" என்று கிர்ஸியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.